திறவாத கதவும் சிறிய பற்றரியும்

மன்னார்த் தீவின் ஊர் ஒன்றிலே நள்ளிரவு கடந்த வேளையில், ஒரு வீட்டார் நோயுற்ற முதியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முற்றத்துக்கு விரைந்து வருகின்றனர் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி நிற்கிறது. அதன் திறப்பு மகனுடைய சட்டைப்பையில் இருக்கிறது. எனினும் கதவின் பிடியில் எத்தனை முறை கை வைத்தாலும் பூட்டு அசையவில்லை. பழைய வண்டியாயின் அயலவர் நால்வர் கூடித் தள்ளி இயக்கியிருப்பர். ஹைபிரிட் வண்டியையோ தள்ளி இயக்குதல் எவ்வாற்றானும் இயலாது.

பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் ஒருங்கே பூண்ட இவ்வகை வண்டியை, பிரியஸ் என்னும் பெயரால் 1997 டிசம்பரில் யப்பானிலே விற்பனைக்குக் கொணர்ந்தது ரொயோட்டா நிறுவனம். 2011 இறுதியில் அக்குவா வந்தது. யப்பானிலே சிலகாலம் ஓடிய இவ்வண்டிகள் இலங்கையில் பெருந்தொகையாக இறக்குமதியாயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. ஆதலின், இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் இருந்த வண்டியையே பேணிக்கொள்ள வேண்டியவராயினர் மக்கள். இன்று வீதியில் ஓடும் ஹைபிரிட் வண்டிகளுட் பல முதுமை எய்தியவை.

இவ்வண்டியில் பற்றரிகள் இரண்டு உள்ளன என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் அவற்றுள் எது எதனைச் செய்கின்றது என்பதில் மயக்கம் மிகுதி. அக்குவாவின் பின்னிருக்கையின் கீழே உள்ள பெரிய பற்றரி 144 வோல்ற் வலுவுடையது. சக்கரங்களை உருட்ட உதவுவது. அதனருகே 12 வோல்ற் கொண்ட சிறிய பற்றரி ஒன்று உண்டு. கணினிகளை விழிக்கச் செய்வதும், பெரிய பற்றரியின் மின்பாதையைத் திறந்துவிடுவதும், கதவுப் பூட்டுக்களை இயக்குவதும் இதுவே. இது சோர்ந்துவிடின், பெரிய பற்றரி நிறைந்திருந்தும் பயனில்லை. காவலாளி உறங்கிவிட்ட களஞ்சியம் போன்றதே வண்டியின் நிலை.

உரிமையாளரின் அச்சமெல்லாம் பெரிய பற்றரியைச் சுற்றியே இருக்கின்றது. அதன் விலை அத்தகையது. முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே எரிந்ததும், "ஹைபிரிட் பற்றரி போய்விட்டது" என்று துணிந்து, மன்னாரிலிருந்து வவுனியா வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர் வண்டியை ஏற்றியனுப்பி வீண்செலவு செய்வாரும் உளர். முதலில் ஐயுற வேண்டியது சிறியதனையே. சாதாரண மின்னளவி ஒன்று போதும். ஓய்ந்திருக்கும் வண்டியில் 12.6 வோல்ற் அளவு காட்டினால் பற்றரி நிறைந்துள்ளது எனலாம். 12க்குக் கீழிறங்கின் அது பெரிதும் வெறுமையாயிற்று.

கதவு திறவாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பிடியைத் தொட்டதும் வண்டி சிறுதூரம் மட்டுமே எட்டும் வானொலியலை ஒன்றை அனுப்புகிறது. அதனைக் கேட்ட திறப்பு தன் அடையாளத்தை மறுமொழியாக விடுக்கிறது. இம்மறுமொழிக்கு வேண்டிய மின், திறப்பினுள்ளே காசுபோல் கிடக்கும் சிறு மின்கலத்திலிருந்து வருவது. எது பழுது என்று அறிவது எளிது. இரண்டாவது திறப்புக்குக் கதவு இணங்கின், முதலாவதன் மின்கலமே தீர்ந்தது. இரண்டுக்கும் இணங்காவிடின், பெரும்பாலும் வண்டியின் சிறிய பற்றரியே குற்றவாளி.

திறப்பின் கூட்டுக்குள் இரும்புத் திறப்பு ஒன்று மறைந்துள்ளது. பக்கத்துக் கொக்கியை நெகிழ்த்தி உருவலாம். இதனை அறியாமலே ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுவோர் பலர்! காசு மின்கலம் தீர்ந்த நிலையில், ரொயோட்டா வண்டியாயின், பிறேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பின் சின்னம் பொறித்த பக்கத்தை இயக்கு பொத்தானுக்கு அருகே பிடித்தால் வண்டி அதனை அடையாளம் காணும். பின்னர் பொத்தானை அழுத்தலாம்.

மன்னாரிலே சிறிய பற்றரி விரைவில் நலிவதற்கு வெயில் ஒரு காரணம். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. வேம்பின் நிழலில் நிறுத்துவதும் பராமரிப்பே. மற்றொரு காரணம் ஓடாதிருத்தல். உரியவர் வெளிநாட்டில் இருக்க, வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்பது இப்பகுதியில் அரிதன்று. நிற்கும் வண்டியும் பூட்டு, காவலொலி ஆகியவற்றுக்காக மின்னைச் சிறிது சிறிதாக உண்கின்றது. திறப்பை அருகிலேயே தொங்கவிட்டால் இரண்டும் ஓயாது பேசி மேலும் வீணாக்கும். வாரம் ஒருமுறை ஏறக்குறைய ஒரு மணி நேரம் வண்டியை இயக்கிவைக்க வேண்டும். அப்போது 'ரெடி' விளக்கு எரிதல் இன்றியமையாதது. அவ்விளக்கு எரியாமல் வானொலியை மட்டும் பாடவிட்டால், நிரம்ப வேண்டிய பற்றரி வற்றிப்போகும்.

சுசுக்கி வாகன் ஆர் வேறு வகையைச் சேர்ந்தது. அதிலே முதன்முறை இயந்திரத்தைச் சுழற்றுவதும் பொனட்டின் கீழுள்ள ஈயப் பற்றரியே. சோழகக் காற்றுடன் வரும் உப்பு அதன் முனைகளில் பொருக்காகப் படியும். வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, வசலின் பூசுதல் நன்று.

பெரிய பற்றரிக்கு வேண்டுவது குளிர்ந்த காற்று. பின்னிருக்கையருகே சல்லடை போன்ற வாயொன்று உண்டு. விசிறி அதன்வழியே காற்றை இழுக்கின்றது. ஆகஸ்ட் 15ஆந் தேதித் திருவிழாவுக்கு மடுவுக்குச் செல்லும் குடும்பத்தினர், பாயும் தலையணையும் மூட்டையுமாக அவ்விடத்தை அடைத்து விடுகின்றனர். கொடுவெயிலில் மூச்சடைத்த பற்றரி எவ்வாறு தாங்கும்? தீவின் நுண்மணலும் அவ்வாயிலேயே சேர்கின்றது. வடிகட்டியையும் விசிறியையும் காலந்தோறும் துப்புரவு செய்வித்தல் வேண்டும். செம்மஞ்சள் நிற வடங்களை மட்டும் வீட்டார் எவரும் தொடலாகாது. அவை உயிர் குடிக்கும் மின்னழுத்தம் உடையவை.

சிறிய பற்றரியை மாற்றும்போது விலை மலிந்தது எதுவோ அதனை வாங்கிப் பொருத்துவது தவறு. அது மனிதர் அமரும் அறைக்குள்ளேயே இருப்பதால், அதில் எழும் ஐதரசன் வாயுவை வெளியேற்றும் குழாய் பொருந்தக்கூடிய வகையே வேண்டும்.

முற்றத்தில் நிற்கும் அவ்வீட்டார் இரும்புத் திறப்பால் ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பிரியஸின் பின்கதவு மின்னால் திறப்பது. ஆகையால் அதனோடு போராடிப் பயனில்லை. பொனட்டை உள்ளிருக்கும் நெம்பினால் திறந்தால், மின்பெட்டியில் சிவப்பு மூடியிட்ட முனை ஒன்று தென்படும். அயல்வீட்டு வண்டியின் நேர்முனையிலிருந்து வரும் வடத்தை அதனோடும், எதிர்முனையிலிருந்து வருவதனைப் பூச்சற்ற இரும்புப் பகுதியோடும் இணைக்க வேண்டும். முனை மாறினால் விலையுயர்ந்த மின்கருவிகள் கருகிப்போகும். ஆதலால் கைவிளக்கைப் பிடித்து இருமுறை பார்த்தே இணைத்தல் வேண்டும். சில நிமிடம் பொறுத்து, பிறேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்த, 'ரெடி' விளக்கு எரியும். வடங்களைக் கழற்றிவிட்டு முதியவரை ஏற்றிக்கொண்டு புறப்படலாம். வைத்தியசாலை வாயிலை அடையும்வரை வண்டியை மட்டும் இடையில் நிறுத்தாதிருக்க வேண்டும்.