பல்லைக் காட்டினான்; பயம் வரவில்லை!

ரத்தம் குடிக்கும் பிரபுவின் கதை 'டிராகுலா'. அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவல். இதைத் தழுவி மலையாள டைரக்டர் வினயன் எடுத்த முப்பரிமாணப் படம் 2013-ல் வெளிவந்தது. தமிழில் அதன் பெயர் 'நான்காம் பிறை'.

ருமேனியா நாட்டுக் கோட்டை, கோரைப் பல், கண்கட்டு வித்தை! கண்ணுக்கு விருந்துதான். ஆனால் நெஞ்சு நடுங்கவில்லை.

காரணம் என்ன?

நாவல் முழுவதும் நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான். டிராகுலா நேரில் வருவது கொஞ்சமே. கண்ணாடியில் அவன் உருவம் தெரியாது என்ற இடத்தில் உடல் சிலிர்க்கும். படத்திலோ அவன் அடிக்கடி வந்து நிற்கிறான். பார்த்துப் பழகிய பேய்க்கு யார் பயப்படுவார்?

இரவில் தாம்பரத்திலிருந்து முடிச்சூருக்குத் தனியே நடப்பவரைக் கேளுங்கள். எதிரே வரும் ஆளுக்கு அவர் அஞ்சமாட்டார். பின்னால் கேட்கும் காலடி ஓசைக்குத்தான் அஞ்சுவார்!