இருதயத்துக்கு ஒரு நிற அட்டவணை

பிரஷர் சற்றுக் கூட, சீனி சற்றுக் கூட, எதுவும் பெரிதாக இல்லை என்று சொல்லிக்கொண்டு மாத்திரைத் துண்டை மடித்து வைப்போர் கண்டிக் கிளினிக் வாங்குகளில் நிறையப் பேர். ஆனால் இந்தச் சிறு மிகைகள் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். அந்தக் கூட்டுக் கணக்கைப் போடும் கருவி ஒரு தாள்தான்: உலக சுகாதார நிறுவனத்தின் இருதய ஆபத்து அட்டவணை.

1948இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரைப் பல்லாண்டு கண்காணிக்கும் ஆய்வு தொடங்கியது. மாரடைப்பு வருமுன்பே உயர் அழுத்தமும் கொலஸ்ட்ரோலும் புகைத்தலும் அதை முன்னறிவிக்கும் என்பதை அது காட்டியது. இத்தகைய ஆய்வுகளின் வழியில் 2019இல் 21 பிராந்தியங்களுக்குத் தனித்தனி அட்டவணைகள் வந்தன. இலங்கை அதில் தாய்லாந்து, மலேசியாவுடன் தென்கிழக்காசியப் பிரிவில் இருக்கிறது.

வயது, பால், புகைப்பழக்கம், நீரிழிவு, மேல் அழுத்தம், கொலஸ்ட்ரோல் ஆகிய ஆறும் சந்திக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு அங்கே தெரியும். பச்சை 5 சதவீதத்துக்குக் கீழ். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என ஏறி, கருஞ்சிவப்பு 30 சதவீதமும் அதற்கு மேலும். இரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத இடத்தில், நீரிழிவுக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் பதிலாக உயரத்துக்கேற்ற எடையை வைத்துப் பார்க்கும் அட்டவணையும் உண்டு. 150 அழுத்தமுள்ள 45 வயதுப் பெண்ணைவிட, 135 மட்டுமே உள்ள, புகைக்கும், சீனி வருத்தமுள்ள 60 வயது ஆணுக்கே ஆபத்து கூட.

அட்டவணைக்கும் எல்லை உண்டு. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்ததை அது கேட்பதில்லை. தோட்டப் பகுதிகளில் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் கணக்கில் எடுப்பதில்லை. மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. இரண்டையும் நாமே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர் உயர் ஆபத்துக்காரரே.

அரச வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியோருக்குப் பரிசோதனை இலவசம். கண்டியின் மேடேறி வந்த மூச்சோடு பிரஷர் பார்க்கக் கைநீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் தேத்தண்ணியும் சிகரெட்டும் வேண்டாம். அளந்த பின் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு எழும்பாதீர்கள். உங்கள் கட்டம் எந்த நிறம், அதை இறக்க எதை முதலில் மாற்றுவது என்று கேட்டுவிட்டே வாருங்கள்.