சிமெண்டும் தண்ணீரும்: வேலைத் தலத்தில் எழும் சில கேள்விகள்

கிராமங்களில் நடைபெறும் நிர்மாண வேலைகளில் கான்கிரீட் இடம் பெறாத வேலை இன்று அரிது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சிறுபாலம், தடுப்பணை, அங்கன்வாடிக் கட்டடம், கதிரடிக்கும் களம் ஆகிய யாவற்றிலும் அது உண்டு. ஊர்ப் பொதுப் பணத்தில் பெரும் பகுதி சென்று சேர்வதும் இதிலேதான். ஆயினும் கான்கிரீட்டின் இயல்பைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களிடையே நிலவும் கருத்துக்களிற் பல, வேலைத் தலத்தில் மேஸ்திரி சொல்லக் கேட்டவையே. நாம் பணிகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு இங்கு விடை கூற முற்படுகிறோம்.

“சிமெண்டு காய்ந்தால்தானே இறுகும்? அதன் மேல் ஏன் நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லுகிறீர்கள்?” என்பது முதற் கேள்வி. பிற கேள்விகளுக்கெல்லாம் வேராக இருப்பதும் இதுவே.

மண் சுவர் காய்ந்துதான் இறுகுகிறது. மழையில் நனைந்தால் மறுபடி குழைகிறது. நம் முன்னோர் கட்டடங்களில் கண்ட சுண்ணாம்புக் காரையோ காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு கல்லாகிறது. சிமெண்டின் தன்மை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சூளையில் ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரிய உருண்டைகள் கிடைக்கும். அவற்றுடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்ததே சிமெண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வூரார் அறிந்திருந்த போர்ட்லண்டு என்னும் கட்டடக் கல்லை அது ஒத்திருந்ததால் ‘போர்ட்லண்டு சிமெண்டு’ என்று பெயரிட்டார். மூட்டையின் மேல் அப்பெயரை இன்றும் காணலாம்.

இந்த மாவு தண்ணீரோடு சேரும்போது ஓர் இரசாயன மாற்றம் நிகழ்கிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றிலும் நுண்ணிய படிகங்கள் முளைத்து, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, மணலையும் ஜல்லியையும் கட்டிப் பிடிக்கின்றன. இம்மாற்றத்திற்குத் தண்ணீரே இரை. தண்ணீர் தீர்ந்தால் மாற்றமும் நின்றுவிடும். ஆற்றினுள் நிற்கும் பாலத் தூண்களின் கான்கிரீட் தண்ணீருக்குள்ளேயே இறுகி வலிமை பெறுவது இக்காரணத்தால்தான். எனவே வெயிலில் விரைவாகக் காய்ந்துவிட்ட கான்கிரீட், பார்வைக்குக் கெட்டியாக இருப்பினும், பாதியில் பசியோடு நின்றுவிட்ட கான்கிரீட்டாகும்.

அப்படியாயின் கலக்கும்போதே தாராளமாகத் தண்ணீர் விட்டுவிடலாமே என்று கேட்கக்கூடும். இங்குதான் மிகுந்த கேடு விளைகிறது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இரசாயன மாற்றத்திற்கென்று தேவைப்படும் தண்ணீர் சிமெண்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அதாவது 12 அல்லது 13 லிட்டர். கலவை இளகிப் பலகை அடைப்பினுள் செல்லும்பொருட்டு மேலும் சிறிது சேர்க்கிறோம். ஆக 25 லிட்டர் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் ஊற்றப்படும் ஒவ்வொரு லிட்டரும் பின்னர் ஆவியாகிப் போகும்; போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எஞ்சும். தொட்டி கசிவதும் தளம் ஒழுகுவதும் பெரும்பாலும் அத்துளைகளின் வழியேதான். கலக்கும் தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையை நிர்ணயிக்கிறது என்பதை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இல் சோதனைகளால் எடுத்துக் காட்டினார். மூட்டைக்கு 25 லிட்டர் விட வேண்டிய இடத்தில் 35 லிட்டர் விட்டால், வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறோம். மதிப்பீட்டில் கண்ட சிமெண்டு முழுவதும் கலவையில் போயிருக்கும். கணக்கில் ஒரு குறையும் தென்படாது. ஆனால் ஊருக்குக் கிடைத்த கட்டடம் வேறொன்றாயிருக்கும்.

“தண்ணீர் விட்டால்தான் கம்பிக்குள்ளே ஓடும்” என்பது மேஸ்திரிமார் கூறும் சமாதானம். அவர்கள் சிரமத்தை நாம் அறியாமலில்லை. கெட்டியான கலவையைத் தள்ளுவதும் குத்துவதும் கடினமான வேலை. அதற்காகத்தான் அதிர்வு இயந்திரம் இருக்கிறது. மதிப்பீட்டிலும் அதற்கு இடம் உண்டு. இயந்திரம் வராத சிறு வேலையில் கம்பியால் நன்றாகக் குத்திக் காற்றை வெளியேற்றலாம். சட்டியில் அள்ளிய கலவை குவியலாக நிற்க வேண்டும். கூழ்போல் ஓடினாலோ, சட்டியின் விளிம்பில் சிமெண்டுப் பால் வழிந்தாலோ, அக்கலவையைத் தளத்தில் கொட்ட அனுமதிக்கலாகாது. மழைக் காலத்தில் மணலே ஈரத்தைக் கொண்டுவரும் என்பதையும் நினைவிற் கொண்டு, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை வாளியால் அளந்து ஊற்றச் சொல்வதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வார்டு உறுப்பினர் ஒருவர் தலத்தில் நின்றால் போதும்.

“எத்தனை நாள் தண்ணீர் கட்ட வேண்டும்?” என்பது அடுத்த கேள்வி. இந்தியத் தர நிர்ணய விதி 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன சேர்ந்த கலப்புச் சிமெண்டுக்கு 10 நாட்களும் விதிக்கிறது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் இவை முறையே 10 நாட்களாகவும் 14 நாட்களாகவும் உயர்கின்றன. கிராமத்துக் கடைகளில் இன்று மிகுதியாக விற்பது பி.பி.சி. எனப்படும் பொஸலானா சிமெண்டு. மேட்டூர், தூத்துக்குடி போன்ற அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து வெளிவரும் நுண்சாம்பல் இதில் சேர்க்கப்படுகிறது. இது தரக்குறைவானதோ என்று ஐயுறுவோர் பலர். அவ்வாறன்று. முறையாக ஈரம் காத்தால் இது அடர்த்தியான, உப்பை எளிதில் உள்ளே விடாத கான்கிரீட்டைத் தரும். ஆனால் மெதுவாக வேலை செய்யும் தன்மையுடையதாதலால், ஈரம் நெடுநாள் இருந்தாக வேண்டும். நம் கோடையில் 14 நாட்கள் என்றே கணக்கிட்டுக்கொள்வது தகும்.

தளத்தின் மேல் நாற்றங்காலுக்குக் கட்டுவதுபோல் வரப்புக் கட்டிப் பாத்திகளாகப் பிரித்துத் தண்ணீர் நிறுத்தலாம். இவ்வேலையில் விவசாயிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தூண்களும் சுவர்களும்தான் கவனிப்பாரற்றுப் போகின்றன. அவற்றைச் சுற்றிச் சாக்கு கட்டி நனைத்து வர வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை குழாயைப் பிடித்துவிட்டுப் போவதால் பயனில்லை; நடுப்பகலில் அது உலர்ந்துவிடும்.

ஒரு சங்கடத்தை இங்கு மறைக்காமல் கூற விரும்புகிறோம். நிதியாண்டு மார்ச்சு 31-இல் முடிவதால், வேலைகள் பல பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் முடுக்கப்படுகின்றன. ஈரம் காக்கும் நாட்கள் சுட்டெரிக்கும் வெயிலிலும், குடிநீருக்கே குடங்கள் வரிசை நிற்கும் வேளையிலும் வந்து விழுகின்றன. தாய்மார்கள் ஒரு குடம் தண்ணீருக்குக் காத்திருக்கையில், தளத்தின் மேல் தண்ணீர் நிறுத்துமாறு சொல்ல எந்தத் தலைவருக்கும் மனம் வராது. ஆகவே கிராம சபையில் பணிகளைத் தேர்ந்தெடுக்கும்போதே கான்கிரீட் வேலை எந்த மாதத்தில் விழும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் சேர்த்து முடிவு செய்தல் நலம். தண்ணீர் இல்லாத ஊரில் கான்கிரீட் போடுவதைச் சில மாதம் தள்ளி வைப்பதே சிக்கனம் என்பது நம் கருத்து. தள்ளி வைக்க இயலாதெனில், ஈரச் சாக்கின் மேல் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி ஓரங்களில் மண் அணைத்தால் கொஞ்சம் தண்ணீரே பல நாள் நிற்கும்.

கடலோர ஊராட்சிகளில் உவர் நீரைப் பயன்படுத்தலாமா என்று வினவுகின்றனர். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு அது கூடாது. கலப்பதற்கும் கூடாது, மேலே ஊற்றுவதற்கும் கூடாது. காரணம் கம்பியின் துருவில் இருக்கிறது. சிமெண்டு இயல்பாகவே காரத் தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலத்தைத் தோற்றுவித்துத் துருப் பிடிக்காமல் காக்கிறது. உப்பு அப்படலத்தை உடைத்துவிடும். இரும்பு துருவாகும்போது தான் முன்பு இருந்த இடத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நெருக்குவதால் கான்கிரீட் வெடித்துச் சில்லு சில்லாக உதிர்கிறது. பழைய பள்ளிக் கட்டடங்களின் கூரையிலும் தொட்டிகளின் அடியிலும் கம்பி தெரியப் பெயர்ந்து கிடப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதன் கீழேதான் குழந்தைகள் உட்காருகிறார்கள். மேலே பூச்சு பூசி மறைத்துவிடுவதால் துரு நின்றுவிடாது.

உப்பு இல்லாத ஊரிலும் துரு வரும் வழி ஒன்றுண்டு. கம்பிக்கும் வெளிக் காற்றுக்கும் நடுவே போதிய கான்கிரீட் இல்லாமற்போவதே அது. தளத்தில் 20 மில்லிமீட்டர், தூணில் 40, அஸ்திவாரத்தில் 50 எனக் கம்பிக்கு வெளியே மறைப்பு இருத்தல் வேண்டும். ஈரமும் உப்பங்காற்றும் மிகுந்த இடங்களில் தளத்துக்கும் கூடுதலாக வேண்டும். இதற்காகச் சிறு சிமெண்டுக் கட்டைகளை, ‘கவர் பிளாக்’ என்று கடையில் கேட்டால் தருவார்கள், கம்பிக்கு அடியில் வைக்கிறோம். கையில் அகப்பட்ட ஜல்லியைச் செருகுவதும், கான்கிரீட் கொட்டும்போது கம்பியைக் கையால் தூக்கிவிட்டுக்கொள்வதும் ஏமாற்று வேலை. ஆட்கள் கம்பியின் மேல் நடந்ததும் அது பலகையோடு பலகையாகப் படிந்துவிடும். கான்கிரீட் போடும் நாளன்று காலையில், ஒரு கலவைகூடக் கொட்டுமுன், குனிந்து கம்பிக்கு அடியில் பார்ப்பவரே நல்ல உறுப்பினர்.

கம்பியின் கனத்தைச் சோதிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. மில்லிமீட்டரில் குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 890 கிராம். 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். எடை வெகுவாகக் குறைந்தால் பணி மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியதுதான். வெளியில் கிடந்த கம்பியில் மெல்லிய பழுப்பு நிறம் ஏறியிருப்பது தீங்கன்று. செதிலாக உதிர்ந்தால் தேய்த்து நீக்க வேண்டும்.

ஆற்று மணலா, எம்-சாண்டா என்ற வாதம் இப்போது ஓய்ந்து வருகிறது. கல்லை முறையாக உடைத்துக் கழுவிச் சலித்த எம்-சாண்டைத் தர விதிகள் ஏற்கின்றன. கல் குவாரித் தூசியை எம்-சாண்டு என்று இறக்குவதே தடுக்கப்பட வேண்டியது. எந்த மணலாயினும் கண்ணாடிப் புட்டியில் பாதி நிரப்பி, சிறிது உப்பிட்ட தண்ணீர் ஊற்றிக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் வண்டல் தனிப் படலமாகப் படியும். அது மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் கழுவாமல் உதவாது.

மூட்டையில் காணும் 43, 53 என்ற எண்கள் 28 நாட்களில் அச்சிமெண்டு அடையும் வலிமையைக் குறிப்பவை. எண் பெரிதாக இருப்பதால் தண்ணீரில் சலுகை கிடைக்காது. அதைவிட, தயாரான வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். 3 மாதம் கடந்த சிமெண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தலாகாது.

“தளம் போட்டு எத்தனை நாளில் முட்டுக்களைப் பிரிக்கலாம்?” என்பதில் உறுப்பினர்களைவிடப் பலகை வாடகைக்கு விட்டவருக்கு அவசரம் அதிகம். மேற்சொன்ன விதியின்படி சாதாரண சிமெண்டில், 4.5 மீட்டருக்குட்பட்ட அகலமுள்ள தளத்துக்கு 7 நாட்கள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்கள் முட்டு நிற்க வேண்டும். உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாட்கள், அதற்கு மேல் 21 நாட்கள். சாம்பல் சேர்ந்த சிமெண்டாயின் இன்னும் சில நாட்கள் தேவைப்படும். எத்தனை என்பதை ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்து மூலம் பெற்று, அது வரும்வரை முட்டில் கை வைக்க விடாதீர்கள்.