தலைவாஸ் யாருடைய அணி?

காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களில் கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டினால், இளவட்டங்கள் முதலில் பார்ப்பது முதல் பரிசு எவ்வளவு என்பதை. அடுத்ததாக அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விதிகளைப் பார்ப்பார்கள். எடைப் பிரிவா, எடை பார்க்காத ஆட்டமா? வெளியூர் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா, ஒரே ஊர்க் குழுவா? ஒரே ஊர் என்றால் ஆதார் கார்டு கேட்பார்கள். ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் கொண்டா என்று கமிட்டிக்காரர்கள் மடக்குவதும், தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிற பையன் எந்த ஊர்க் கணக்கில் வருவான் என்று பெரியவர்கள் பஞ்சாயத்துப் பண்ணுவதும் ஆட்டத்தோடு சேர்ந்தவைதான். சவுக்குக் கம்பில் கட்டிய விளக்கு எரிய, சுண்ணாம்புக் கோடு போட்டு, முதல் ரெய்டு போவதற்குள் இரவு பத்து மணி ஆகிவிடும்.

இதே மாவட்டத்து உத்திரமேரூருக்கு இந்த வழக்கு புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டில் வெட்டிய இவ்வூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பதற்கான தகுதிகளைப் பட்டியலிடுகிறது. வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். யார் நம்ம ஊர் ஆள் என்பதைக் கல்லில் எழுதிவைத்த ஊரில் ஒரு கபடிக் கமிட்டி ஆதார் கேட்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ் என்ற பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு ஆடும், நாட்டிலேயே பெரிய கபடிக் களத்தில் இறங்கும் அணிக்கு இப்படி ஒரு விதியும் கிடையாது. அந்த அணிதான் தமிழ் தலைவாஸ்.

புரோ கபடி லீக் 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-இல் அணிகள் பன்னிரண்டாக, சென்னையைத் தாயகமாகக் கொண்டு தலைவாஸ் வந்தது. உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர்; விளம்பர முகம் கமல்ஹாசன்; கேப்டன் இமாசலப் பிரதேசத்தின் அஜய் தாக்கூர். ஆரவாரத்துக்குக் குறைவில்லை, வெற்றிக்குத்தான் பஞ்சம். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ராகுல் சௌத்ரி என்று பெரிய பெயர்களாக வாங்கிப் போட்டும், முதல் நான்கு சீசனில் ஒருமுறைகூட பிளே ஆஃப் பக்கம் போக முடியவில்லை.

ஐந்தாவது முயற்சி 2022-இல், லீகின் ஒன்பதாவது சீசன். ஆகஸ்ட் மாதம் மும்பையில் நடந்த ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. அதற்கு முந்தைய சீசன்களில் பெங்களூரு புல்ஸுக்காக அவர் எடுத்த புள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த விலை அதிகமாகப் படவில்லை.

அக்டோபர் 8. பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கம். குஜராத் ஜெயண்ட்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம். அந்த குஜராத் அணியின் கேப்டன் சந்திரன் ரஞ்சித், தமிழ்நாட்டுக்காரர். தமிழ் அணியின் கேப்டன் பவன், வடநாட்டுக்காரர். முதல் பாதியிலேயே எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன பவனின் முழங்கால் மடங்கியது. தூக்கிக்கொண்டுதான் வெளியே போனார்கள். அந்த சீசனில் அவர் மறுபடி ஆடவேயில்லை. இரண்டே கால் கோடி ரூபாய் ஒரே ஆட்டத்தோடு பெஞ்சுக்குப் போயிற்று. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கதை. தொடக்கத்தில் அடுத்தடுத்துச் சறுக்கல். சீசன் பாதியிலேயே பயிற்சியாளர் மாற்றம்: ஜெ. உதயகுமார் போய் ஆஷன் குமார் வந்தார். கேப்டன் பொறுப்பு வலது மூலையில் நிற்கும் இளைஞர் சாகர் ராத்தியிடம் வந்தது. இடது மூலையில் சாஹில் குலியா. கபடியில் மூலைக்காரர்களின் வேலை பொறுமையானது. போனஸ் கோட்டைத் தாண்ட வரும் ரெய்டரின் கணுக்காலுக்காகக் குனிந்தபடியே காத்திருக்க வேண்டும். அரை நொடி முந்தினால் அவன் துள்ளி ஓடிவிடுவான், அரை நொடி பிந்தினால் தொட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த இருவரும் அந்த சீசனில் பிடித்த பிடிகள் தலைவாஸுக்கு அதுவரை இல்லாத ஒன்றைக் கொடுத்தன: எதிரணி ரெய்டர் வரும்போது பயப்படாத ஒரு தற்காப்பு.

ரெய்டுக்கு ஆள்? ஏலத்தில் பேர் அடிபடாத நரேந்தர் என்ற புதுப் பையன். லீகில் அவருக்கு அதுவே முதல் சீசன். பவன் போனதால் கிடைத்த இடத்தில் இறங்கி, சீசன் முடிவதற்குள் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். முதல் சீசன் ஆடும் பையனிடம் யாரும் எதிர்பார்க்காத கணக்கு. துணைக்கு மராட்டியத்தின் அஜிங்க்ய பவார். இரண்டு ரெய்டு வெறுமனே போய்விட்டால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அந்த ரெய்டுகளுக்கு அஜிங்க்யதான் பெரும்பாலும் அனுப்பப்பட்டார். விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரங்களை வரிசையாக நிறுத்தியபோது ஆகாத வேலையை, பேர் தெரியாத பையன்கள் செய்துகாட்டினார்கள். இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

லீகில் ஐந்தாம் இடம். டிசம்பர் 13 அன்று மும்பை வொர்லியில் எலிமினேட்டர். எதிரே உ.பி. யோத்தாஸ், அதில் நட்சத்திர ரெய்டர் பர்தீப் நர்வால். நாற்பது நிமிடம் முடிந்தபோது பலகையில் 36-36. டை பிரேக்கர் வந்தது. கபடி டை பிரேக்கர் அதிகம் பேர் பார்க்காதது. இரு பக்கமும் ஏழு பேரும் களத்திலேயே நிற்பார்கள். யாரும் வெளியே போவதில்லை, உள்ளே வருவதில்லை. ஆளுக்கு ஒரு ரெய்டாக, ஒவ்வோர் அணிக்கும் ஐந்து வெவ்வேறு ரெய்டர்கள். சாதாரண ஆட்டத்தில் ரெய்டர் தாண்டியேயாக வேண்டிய முதல் கோடே இங்கு போனஸ் கோடாகவும் ஆகிவிடும். அதனால் பிடிக்கும் அணிக்குப் பின்வாங்கி நிற்க வழியில்லை. தலைவாஸ் 6-4 என்று ஜெயித்தது. அணி வந்த நாளிலிருந்து முதல் பிளே ஆஃப், அதிலேயே முதல் வெற்றி.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளி. இன்னும் இரண்டு மூன்று பிடி விழுந்திருந்தால் இறுதிப் போட்டி.

இந்தக் கணக்கெல்லாம் தமிழ்நாட்டில் ரசிகர்களுக்கு மனப்பாடம். ஆனால் இன்னொரு கணக்கை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்த சீசனின் லீக் ஆட்டங்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று ஊர்களில் நடந்தன. பிளே ஆஃப் மும்பையில். தமிழ் தலைவாஸ் தன் வரலாற்றிலேயே நன்றாக ஆடிய சீசனில் தமிழ்நாட்டு மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சென்னைக்கு அணி திரும்பி வந்தது 2023 டிசம்பரில்தான். களத்தில் நின்ற ஏழு பேரில் பெரும்பாலும் ஹரியானாக்காரர்கள், எம். அபிஷேக் மாதிரி ஓரிருவர்தான் நம்மவர்கள்.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் ஓர் அணியைப் பார்க்க வேண்டுமானால் அயர்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஹர்லிங் என்று ஓர் ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். அகப்பை போல முனை விரிந்த மட்டை. தோல் தைத்த சிறு பந்து. பந்தை அடிக்கலாம், கையில் பிடிக்கலாம், மட்டை முனையில் நிறுத்திக்கொண்டே ஓடலாம். இரு கம்பங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கட்டைக்குக் கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. 1884-இல் உருவான கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இன்றும் இதை நடத்துகிறது. இறுதிப் போட்டி நடக்கும் டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் அங்கே ஆடும் எந்த வீரருக்கும் சம்பளம் கிடையாது. பயணச் செலவும் சிறு மானியமும்தான். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், போலீஸ்காரர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை களத்தில் இருப்பார்கள். ஏலம் என்ற பேச்சே இல்லை. வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடுவார்கள்; அந்த கிளப் எந்த மாவட்டமோ அந்த மாவட்ட அணிக்கு ஆடுவார்கள். மாறுவது உண்டு, ஆனால் அரிது.

கிளேர் என்ற மேற்குக் கரை மாவட்டத்தின் 2024 சீசன் இந்த ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். ஏப்ரல் தொடக்கத்தில் கிளேர் தேசிய லீக் கோப்பையை வென்றது. அடுத்து சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்திலேயே சொந்த ஊரில், ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்துவிட்டு, பக்கத்து மாவட்டமான லிமெரிக்கிடம் தோற்றது. ஜூனில் மன்ஸ்டர் மாகாண இறுதி. மறுபடி லிமெரிக், மறுபடி தோல்வி. அதே அணியிடம் அதே இறுதியில் தொடர்ந்து மூன்றாவது வருடம்! நம் ஊராக இருந்தால் கோச்சை மாற்று, கேப்டனை மாற்று என்று கிளம்பியிருப்பார்கள். கிளேர் மேனேஜர் பிரையன் லோஹன் அசையவில்லை. 1995-இல் கிளேர் 81 வருடத்துக்குப் பிறகு கோப்பை வென்ற அணியில் ஆடியவர் அவர். மாகாணக் கோப்பை போனாலும் அகில அயர்லாந்துக் கோப்பைக்கான வழி மூடவில்லை. காலிறுதியில் வெக்ஸ்போர்டையும், அரையிறுதியில் பின்தங்கியிருந்து மீண்டு கில்கென்னியையும் கிளேர் வென்றது. ஜூலை 21 இறுதியில் கார்க். கூடுதல் நேரம் வரை போய், கிளேர் மூன்று கோலும் 29 புள்ளியும், கார்க் ஒரு கோலும் 34 புள்ளியும். கூட்டிப் பார்த்தால் 38-37. ஒரே புள்ளி வித்தியாசம். கேப்டன் டோனி கெல்லி அன்று பந்தை மட்டை முனையிலேயே தட்டித் தட்டி, தடுக்க வந்தவர்களைத் தாண்டிப் போட்ட கோலைப் பற்றி அயர்லாந்தில் இன்னும் பேசுகிறார்கள்.

கிளேரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 1,28,000தான். பவனுக்குப் பதிலாக நரேந்தர் வந்த மாதிரி அங்கே ஒருவர் அடிபட்டால் வெளியூர் ஆளை இறக்க முடியாது. ஊருக்குள் இருப்பவர்களில்தான் தேட வேண்டும். அதனால்தான் எட்டு வயதுப் பையனுக்கும் கிளப்பில் கோச் இருக்கிறார்.

இதைச் சொன்னதும் தலைவாஸ் போலி, கிளேர் அசல் என்று முடிவு கட்டுவது சுலபம். அது சரியாகாது. நரேந்தர் ஹரியானாக்காரர் என்பதற்காக அவர் எடுத்த 243 புள்ளியும் வேறு யாருடையதோ ஆகிவிடாது. ஏலமுறை இல்லையென்றால் நம் ஆட்டக்காரர்களும் வெளியே போயிருக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் பாட்னா பைரேட்ஸின் கேப்டனாக 2016-இல் கோப்பை வென்றார். நாற்பது வயதைத் தாண்டியும் களத்தில் நின்ற அவரை வடநாட்டு வீரர்களும் ‘அண்ணா’ என்றே கூப்பிடுவார்கள். 2019-இல் கோப்பை வென்ற பெங்கால் வாரியர்ஸில் கே. பிரபஞ்சன் ஆடினார். 1990 பெய்ஜிங்கில் ராஜரத்தினம், 1994 ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன் என்று ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியவர்கள் இருந்த மாநிலம் இது. ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் நடுவில் இருக்கும் படிகளுக்குத்தான். நோட்டீஸ் ஒட்டும் ஊர் ஆட்டம் கீழே, கோடி ரூபாய் ஏலம் மேலே. இடையில் மாவட்ட அணி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் ஆட்டத்துக்கு எத்தனை பேர் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்? மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையனுக்கு, மேட் விரிப்பில் ஷூ போட்டுத் திரும்புவதே தனிப் பாடம். ஒரு தாலுகாவுக்கு ஒரு மேட்டும் அதைக் கற்றுக்கொடுக்க ஒரு கோச்சும் கிடைத்தால் நிலைமை மாறும். 2024-இல் தலைவாஸ் சேரலாதனைப் பயிற்சியாளர் குழுவில் சேர்த்தது நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த சீசனிலும் பிளே ஆஃப் வரவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தபோது, கபடியில் இந்திய ஆண்கள், பெண்கள் இரு அணியும் இறுதியில் ஈரானை வென்று தங்கம் வாங்கின. பையன்கள் அணியில் வடுவூர் அபினேஷ், பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அபினேஷுக்கு முன்னால் இப்போது ஒரு பாதை தெரிகிறது. ஏலத்துக்குப் பெயர் கொடுக்கலாம், தலைவாஸ் எடுக்காவிட்டால் பாட்னாவோ குஜராத்தோ எடுக்கும். கார்த்திகாவின் நிலை வேறு. அயர்லாந்தில் பெண்களின் ஹர்லிங்குக்கு 1904-லேயே தனிச் சங்கம் வந்து, இன்று மாவட்ட அணிகள் ஆடுகின்றன. புரோ கபடியில் 2016-இல் பெண்களுக்கென்று மூன்று அணிகளை வைத்து ஒரு குட்டிப் போட்டி நடத்திப் பார்த்தார்கள், அதோடு சரி. கார்த்திகா பெயர் கொடுக்கப் புரோ கபடியில் பெண்கள் ஏலம் என்று ஒன்று இன்னும் இல்லை.