அழியாத பதிவு: உங்கள் மருத்துவக் குறிப்பைக் காக்கும் டிரிக்கர்

மரக்காணம் உப்பளங்களில் கொளுத்தும் வெயிலில் பாத்தி மிதித்து, உப்பு வாரி உழைப்போருக்கு எங்கள் மருத்துவர்கள் அடிக்கடி எழுதித் தரும் சோதனை ஒன்று உண்டு. அது இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் காணும் சோதனை. உடலில் நீர் வற்றும்போதும், உடல்வலிக்காக வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கும்போதும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது இந்த எண்.

ஆனால் ஓர் எண் மட்டும் தனித்து நின்றால் அதன் பொருள் முழுமையாக விளங்காது. முதல் நாள் 0.9 என்றிருந்த அளவு, இரண்டு நாட்களுக்குள் 1.3 ஆனதாகக் கொள்வோம். 1.3 என்பதை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. 48 மணி நேரத்துக்குள் 0.3 அளவு கூடினாலே அதனைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாகக் கருத வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. நாட்பட்ட சிறுநீரக நோய் என்று முடிவு செய்வதற்கோ, பாதிப்பு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஆகவே பழைய எண் அழிந்துவிட்டால் நோயும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

டிரிக்கர் என்பது யாது?

உங்கள் பெயர், வயது, இரத்தப் பிரிவு, சோதனை முடிவுகள் யாவும் கணினியில் தரவுத்தளம் என்னும் பெரிய பேரேட்டில் வரிசை வரிசையாகச் சேமிக்கப்படுகின்றன. அந்தப் பேரேட்டுக்கு வழிகள் பல. வரவேற்பு மேசை, ஆய்வுக்கூடம், மருந்தகம், வார்டு எனப் பல இடங்களிலிருந்தும் பதிவுகள் வருகின்றன. ஒவ்வொரு வாசலிலும் தனித்தனிக் காவல் வைத்தால், ஏதேனும் ஒரு வாசலில் காவல் தளரக்கூடும். எனவே காவலைப் பேரேட்டின் அருகிலேயே நிறுத்துகிறோம். அக்காவலின் பெயர்தான் டிரிக்கர். தமிழில் தூண்டி எனலாம். ஒரு வரிசை சேர்க்கப்படும்போதோ, மாற்றப்படும்போதோ, நீக்கப்படும்போதோ எவரும் அழைக்காமல் தானே இயங்கும் சிறு கட்டளைத் தொகுப்பு அது.

தடுக்கும் பணி

பதிவு எழுதப்படுவதற்கு முன் இயங்கும் டிரிக்கர், பொருந்தாதவற்றை ஏற்க மறுக்கிறது. பிறந்த நாள் வருங்காலத்தில் இருக்க இயலாது. சேர்க்கப்பட்ட நாளுக்கு முன்பே ஒருவர் வீடு திரும்பியிருக்க இயலாது. ஆய்வுக்கூட அலுவலர் ஒப்பமிட்ட முடிவைக் காரணம் எழுதாமல் எவரும் மாற்ற இயலாது. முன்னர் ‘ஓ பாசிட்டிவ்’ எனப் பதிவான இரத்தப் பிரிவை ‘பி பாசிட்டிவ்’ என மாற்ற முயன்றால், இரண்டாம் சோதனையும் இரண்டாம் அலுவலரின் ஒப்புதலும் கேட்கப்படும். தவறான பிரிவு இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இங்கே தாமதத்தைவிடக் கண்டிப்பே நலம்.

நினைவில் வைக்கும் பணி

காகித ஏடுகளின் காலத்தில் நல்ல மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் இருந்தது. பிழையை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகில் சரியானதை எழுதி, ஒப்பமும் தேதியும் இட வேண்டும். மாற்றத்துக்குப் பின் இயங்கும் டிரிக்கர் செய்வதும் இதுவே. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நாள், நேரம், காரணம் ஆகியவற்றை வரலாற்றுப் பேரேட்டில் அது தனியே எழுதி வைக்கிறது. இவ்வரலாறு எழுதப்படாவிடில் மாற்றமும் நடவாது. இரண்டும் சேர்ந்தே நிகழும், அல்லது இரண்டுமே நிகழா.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். காலையில் கிரியேட்டினின் 1.9 எனப் பதிவாகிறது. மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்துகிறார். மாலையில் மறுசோதனை செய்து அதை 0.9 எனத் திருத்துகின்றனர். பழைய எண் மறைந்துவிட்டால், மறுநாள் வரும் மருத்துவருக்கு மாத்திரை ஏன் நிறுத்தப்பட்டது என்பது புரியாது. வரலாறு இருந்தால் ஒரு பார்வையில் விளங்கும்.

மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை நடுவண் சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு, 2016இல் திருத்தி அமைத்தது. பதிவை யார், எப்போது கையாண்டார் என்பதற்கான தணிக்கைத் தடத்தை அத்தரநிலைகளும் வலியுறுத்துகின்றன. உலகின் பல நாடுகளில் பயன்படும் ஓப்பன்எம்ஆர்எஸ் என்னும் மருத்துவப் பதிவு மென்பொருளிலும், பிழையான குறிப்பை நீக்கினால் அது அழிவதில்லை. ‘செல்லாதது’ என்ற அடையாளமும் காரணமும் பெற்று உள்ளேயே தங்குகிறது.

டிரிக்கரால் இயலாதது

டிரிக்கருக்கு இயலாததைக் கண்டறியத் தெரியும்; உண்மையைக் கண்டறியத் தெரியாது. வயது 210 எனில் மறுக்கும். 52 வயதினரை 25 என எழுதினால் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இருவரில் ஒருவரின் ஒவ்வாமை மற்றவர் பெயரில் ஏறினாலும் அதற்குத் தெரியாது. மேலும், தரவுத்தளத்தின் முழு அதிகாரம் பெற்றவர் டிரிக்கரையே நிறுத்திவைக்க முடியும். அதனால்தான் வரலாற்றுப் பேரேட்டின் படியை வேறோர் இடத்தில், வேறொருவர் பொறுப்பில் வைப்பது அவசியமாகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

கணினியால் இயலாத சரிபார்ப்பை உங்களால் மட்டுமே செய்ய முடியும். ஒவ்வொரு வருகையிலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, ஊர், நோயாளி எண் ஆகியவற்றைச் சீட்டில் படித்துப் பாருங்கள். படிக்க இயலாதவர்கள் எங்கள் ஊழியரிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்து ஒவ்வாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பிற இடங்களில் எடுத்த பழைய சோதனைச் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள்.

பிழை கண்டால் தயங்காமல் திருத்தக் கேளுங்கள். தம்மைப் பற்றிய தரவுகளைத் திருத்தக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறை விதி.

நீங்கள் கேட்கும் திருத்தமும் நாளும் நேரமும் காரணமும் கொண்டு வரலாற்றில் நிற்கும். அடுத்து உங்களைக் காணும் மருத்துவர் சரியான எண்ணையும், அது சரியான கதையையும் சேர்த்தே அறிவார்.