கவலையீனமும் கூலியுழைப்பும்: தீங்கியல் சட்டத்தின் சமூக அடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

ஒருவரது கவலையீனத்தால் மற்றொருவர் உடற்காயம் அடையுமிடத்து, தீங்கிழைத்தவர் நட்டஈடு செலுத்தவேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் பொதுவிதி. விதி அனைவர்க்கும் பொதுவாயினும், அதன் பயன் அனைவர்க்கும் கிட்டியதா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. கைத்தொழில்மயமாகிய இங்கிலாந்தின் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

லிங்கன்ஷயரில் இறைச்சி வணிகர் ஒருவரிடம் வேலைசெய்த பிரீஸ்ற்லி என்ற இளைஞனுக்கு, மிகையாகப் பாரமேற்றிய வண்டி முறிந்ததால் தொடையெலும்பு முறிந்தது. யூரர்கள் 100 பவுண் வழங்கினர். 1837 இல் மேல் நீதிமன்றம் அதனை நிராகரித்தது. ஆபத்தான வேலையை வேலையாள் மறுக்கலாம்; ஆபத்தை எசமானரைப் போலவே அவனும் அறிந்திருக்கக்கூடும் என்பது அபிங்கர் பிரபுவின் நியாயத்தின் சாரம்.

இதிலிருந்தே ‘பொதுவேலைக் கோட்பாடு’ வளர்ந்தது. ஊழியனொருவனின் தவறால் வழிப்போக்கன் காயமுற்றால் எசமானர் பொறுப்பாளி. அதே தவறால் உடன்தொழிலாளி காயமுற்றால் அவர் பொறுப்பாளியல்லர். இம்முரண்பாடு தற்செயலானதன்று. தொழிலாளி கூலியுடன் ஆபத்தையும் சுதந்திரமாக ஏற்றுக்கொண்டான் என்ற கற்பிதமே அதன் அடிப்படை. வேலையை மறுப்பின் பட்டினியே மிஞ்சும் என்பதை அச்சுதந்திரம் கணக்கிற் கொள்ளவில்லை. சட்டம் இரு சமமானவர்களைக் கண்டது. சுரங்கவாயிலில் நின்றோர் சமமானவர்களல்லர்.

ஆயின், சட்டத்தை ஆளும் வர்க்கத்தின் வெறுங் கருவியெனக் கூறி அமைவது இயந்திரப் பாங்கான முடிவாகும். அது போராட்டக் களமுமாகும். தொழிற்சங்கங்களின் அழுத்தத்தால் 1880 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கோட்பாட்டை ஓரளவு தளர்த்தியது. ஒப்பந்தத்தின் மூலம் அவ்வுரிமையைத் தொழிலாளி கைவிடலாமென 1882 இல் நீதிமன்றம் தீர்த்தது. ஆபத்தை அறிந்தும் தொடர்ந்து வேலைசெய்தமை மட்டும் இசைவாகாதென 1891 இல் பிரபுக்கள் சபை ஏற்றது. 1897 ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில், எவரது தவறையும் நிறுவாமலே நட்டஈடு பெற வழிசெய்தது. எனினும், உழைக்கவியலாதவனுக்கு உரியது சராசரிக் கூலியின் பாதியே. அதுவும் வாரத்திற்கு ஒரு பவுணுக்கு மேற்படாது. பொதுவேலைக் கோட்பாடு 1948 இலேயே முற்றாக ஒழிந்தது.

இலங்கையின் தீங்கியல் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்தது. ஆயினும், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இங்கும் தவறு சாராத நட்டஈட்டைப் புகுத்தியது. அதன் அட்டவணையில் இழந்த கைக்கும் விரலுக்கும் உழைப்பாற்றல் இழப்பு நூற்றுவீதமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

இவ்வட்டவணை ஒருங்கே வெற்றியும் எல்லையுமாகும். தவறை நிறுவும் பெருஞ்சுமையிலிருந்து அது தொழிலாளியை விடுவித்தது. அதேவேளை, அவனது உடலைக் கூலியின் அளவுகோலாலேயே மதிப்பிட்டது. காயத்திற்கு விலை எவ்வளவு என்ற வினாவுக்கு முன்னர், அக்காயத்தை விளைவித்த உற்பத்தி முறைமை எத்தகையது என்ற வினா எழுப்பப்படல் வேண்டும். அவ்வினாவை நீதிமன்றம் தானாக எழுப்பியதில்லை என்பதே நாம் கண்ட வரலாறு.