ஆவுளியாவின் கணக்கு

ஓர் உயிரினம் அழிந்துபோவதற்கு அதன் கடைசி உயிரையும் யாராவது தேடிப்பிடித்துக் கொல்லவேண்டும் என்பதில்லை. பிறப்பைவிட இறப்பு கொஞ்சம் கூடினாலே போதும். யாழ்ப்பாணத் தீவகத்தையும் மன்னாரையும் தொட்டுக் கிடக்கும் பாக்குக் கடலில் ஆவுளியா, அதுதான் கடற்பசு, இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டது.

மூன்று மீற்றர் நீளம், 400 கிலோ வரை நிறை. தோற்றத்தில் மீன் மாதிரி இருந்தாலும் உறவு யானையோடு. கீழ்நோக்கி வளைந்த தடித்த உதட்டால் கடற்புல்லை வேரோடு கிளறித் தின்னும். மேய்ந்துபோன வழியில் உழவுசால் போல வெறும் மணல் தடம் கிடக்கும். நாளுக்கு 30 கிலோ புல்லாவது வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரேயொரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் செல்லும். 70 வருடம் வரை வாழக்கூடிய பிராணிக்கு இந்த மந்தம் ஒரு குறையே அல்ல, வலை வரும்வரை.

சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்காவிட்டால் அது செத்துப்போகும். திருக்கைக்கு விட்ட வலையில் சிக்கினாலும் அதே கதிதான். இலங்கையில் 1970 இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. இறைச்சிக்கு வெட்டுவதைச் சட்டம் தடுக்கலாம்; தவறிச் சிக்குவதை? போதாக்குறைக்கு இழுவைமடி வந்து கடலடிப் புல்லையே வழித்துக்கொண்டு போகிறது.

ஆவுளியாவின் பெரிய சொந்தக்காரன் ஸ்டெல்லர் கடற்பசு. பேரிங் கடலில் 1741இல் விஞ்ஞானிகள் கண்ணில் பட்டது; வேட்டையாடித் தின்றதில் 1768உடன் முடிந்தது. வெறும் 27 வருடம். சீனாவின் கடற்பரப்பில் ஆவுளியா கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டதென்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

போனால் போகட்டும் என்பவர்கள் ஒடியல் கூழை நினைத்துப்பார்க்கலாம். அதில் விழும் நண்டுக்கும் இறாலுக்கும், குழம்புக்குப் போகும் ஓரா மீனுக்கும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கிடம் இந்தப் புல்தரைதான். ஆவுளியா வெறுமனே மேய்ந்துவிட்டுப் போவதில்லை. சாணத்தோடு புல் விதையையும் வேறிடத்துக்குக் கொண்டுபோகிறது. புல் இருந்தால் ஆவுளியா இருக்கும் என்பது சரி. ஆவுளியா இருந்தால் புல்லுக்கும் நல்லது.

தமிழ்நாடு 2022இல் தன் கரையோரம் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது. இரண்டும் நல்ல காரியமே. ஆனால் அந்தக் கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் இந்தக் கரையின் புல்லை இன்னும் வாரிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆவுளியா மேய்வதோ இரண்டு பக்கமும்.